மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரிந்தால் மின்தடையும் திறனும்: அளப்பதிலிருந்து சரிபார்ப்பது வரை

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் திறன். சூத்திரம் இவ்வளவுதான், பள்ளியில் படித்த எவருக்கும் இது நினைவிருக்கும். ஆனாலும் மல்டிமீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காரும்போது விடை தப்பிப்போகிறது. புதிதாகக் கற்பவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்த வரையில், பிழை வகுத்தலில் நடப்பதே அபூர்வம். வகுக்க எடுத்துக்கொண்ட இரண்டு எண்களும் ஒரே பொருளுக்கு, ஒரே நேரத்துக்கு உரியவையாக இருப்பதில்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதல் பாதி முழுக்க அளப்பதைப் பற்றியது. கணக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது.

1. கையில் இருக்க வேண்டியவை

குறைந்த மின்னழுத்த டிசி மூலம் ஒன்று: பேட்டரியோ பவர் சப்ளையோ, 12 வோல்ட்டுக்குள் இருக்கட்டும். அந்த அளவில் கை தவறினால் ஃபியூஸ் போகலாம், ரெசிஸ்டர் கருகலாம். உயிருக்கு ஆபத்து வராது. சுவர் பிளக்கில் வரும் மின்சாரத்தை இந்தப் பயிற்சிக்குத் தொடவே வேண்டாம்.

மல்டிமீட்டர் இரண்டு இருந்தால் வேலை எளிது. ஒன்றுதான் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. அதை 5-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

அளப்பதற்கு ஒரு ரெசிஸ்டர். இந்தக் கட்டுரை முழுவதும் 47 ஓம், 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டரை எடுத்துக்கொள்கிறேன். வெள்ளை நிறச் செங்கல் துண்டு போல இருக்குமே, அதுதான். இதனுடன் குரோக்கடைல் கிளிப் வைத்த வயர்கள் நான்கைந்து, ஒரு நோட்டு, பேனா. நோட்டு கட்டாயம். அளவை மனதில் வைத்துக்கொண்டு கணக்குக்குப் போகிறவர் பாதி வழியில் அலகை மறந்துவிடுவார்.

2. கரண்ட் கொடுக்கும் முன் தோராயக் கணக்கு

இணைப்பதற்கு முன்பே, என்ன வரும் என்று ஒரு மதிப்பு போட்டுவிடுங்கள். 12 வோல்ட், 47 ஓம். 12 ÷ 47 என்றால் கிட்டத்தட்ட 0.26 ஆம்பியர். 12 × 0.26 என்றால் 3 வாட்டுக்குச் சற்று மேல்.

இந்த அரை நிமிட வேலையில் இரண்டு விஷயம் தெரிந்துவிடுகிறது. முதலாவது, ரெசிஸ்டர் தாங்குமா என்பது. 3 வாட் வெப்பம் வரப்போகும் இடத்தில் கால் வாட் ரெசிஸ்டரை மாட்டினால் அது சில நொடிகளில் புகைய ஆரம்பிக்கும். அதனால்தான் 5 வாட் எடுத்தோம். இரண்டாவது, மீட்டரில் எந்த அளவெல்லை வேண்டும் என்பது. 0.26 ஆம்பியர் என்றால் 260 மில்லிஆம்பியர். உங்கள் மீட்டரின் மில்லிஆம்பியர் துளை 200 வரைதான் தாங்கும் என்று எழுதியிருந்தால் அதில் மாட்டக் கூடாது. 10 ஆம்பியர் துளைக்குப் போக வேண்டும். 400 வரை தாங்கும் என்றால் அதிலேயே அளக்கலாம்.

மூன்றாவது பலன் கடைசியில் வரும். அளந்து கணக்கிட்ட விடை தோராயத்துக்கு அருகில் இல்லை என்றால், எங்கோ தவறு என்று அப்போதே தெரிந்துவிடும்.

3. எந்த இரண்டு புள்ளிகள்?

நமக்கு வேண்டியது ரெசிஸ்டரின் மின்தடை. அப்படியானால் மின்னழுத்தத்தை ரெசிஸ்டரின் இரண்டு காலிலும் வைத்து அளக்க வேண்டும். பவர் சப்ளையின் முனைகளில் அல்ல. மின்னோட்டம் அந்த ரெசிஸ்டர் வழியாகப் போவதாக இருக்க வேண்டும். மொத்தச் சுற்றுக்கும் போவது அல்ல. சப்ளையின் மின்னழுத்தத்தையும் ரெசிஸ்டரின் மின்னோட்டத்தையும் சேர்த்து வகுப்பது, ஒருவரின் எடையையும் இன்னொருவரின் உயரத்தையும் வைத்து உடல்வாகு சொல்வது போலத்தான்.

இது எவ்வளவு தூரம் வழிதவற வைக்கும் என்று ஒரு கணக்கில் பாருங்கள். 12 வோல்ட் சப்ளையில் 100 ஓமும் 220 ஓமும் தொடராக இருக்கின்றன. 100 ஓமில் எவ்வளவு வாட் செலவாகிறது? பலர் எழுதும் விடை: 12 × 12 ÷ 100 = 1.44 வாட். அதே போல 220 ஓமுக்கு 0.65 வாட். கூட்டினால் 2 வாட்டுக்கு மேல்.

சப்ளை கொடுப்பதோ வெறும் 0.45 வாட். மொத்த மின்தடை 320 ஓம்; 12 ÷ 320 = 0.0375 ஆம்பியர், 12 × 0.0375 = 0.45 வாட். சரியான வழி இது: 100 ஓமின் குறுக்கே இருப்பது 3.75 வோல்ட், திறன் 0.14 வாட். 220 ஓமின் குறுக்கே 8.25 வோல்ட், திறன் 0.31 வாட். கூட்டினால் 0.45. கொடுத்ததும் செலவானதும் ஒத்துப்போகின்றன.

ஆகவே நோட்டில் எண்ணை எழுதும்போது பக்கத்திலேயே "ரெசிஸ்டரின் குறுக்கே", "சப்ளை முனையில்" என்று இடத்தையும் எழுதுங்கள். வெறும் "12 வோல்ட்" என்று எழுதிவைத்தால், பிறகு அது எந்த 12 வோல்ட் என்று யாருக்கும் தெரியாது.

4. மின்னோட்டத்தை அளக்கும் வரிசை

மின்னழுத்தம் அளப்பது சுலபம்: சுற்றை அப்படியே விட்டுவிட்டு இரண்டு புரோப்பையும் பொருளின் இரு முனைகளில் வைத்தால் போதும். மின்னோட்டம் அப்படி இல்லை. அது மீட்டரின் உள்ளே புகுந்து வெளியே போக வேண்டும். அதற்குச் சுற்றை ஓர் இடத்தில் பிரித்து, அந்த இடைவெளியில் மீட்டரை நிறுத்த வேண்டும்.

வரிசை இது. முதலில் சப்ளையை அணையுங்கள். ஒரு வயரைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை மின்னோட்டத் துளைக்கு மாற்றுங்கள். கறுப்பு வயர் பொதுத் துளையிலேயே (COM என்று எழுதியிருப்பது) இருக்கட்டும். சுழலியை மின்னோட்டத்துக்குத் திருப்பி, டிசி என்பதை உறுதி செய்யுங்கள். கழற்றிய இரண்டு முனைகளுக்கு நடுவே மீட்டரைக் கிளிப்பால் பிடியுங்கள். கடைசியாகச் சப்ளையைப் போடுங்கள்.

முடிந்ததும் இதே வரிசை தலைகீழாக. அணைத்தல், கழற்றல், பிறகு உடனடியாகச் சிவப்பு வயரை மின்னழுத்தத் துளைக்குத் திருப்பி மாட்டுதல். இந்தக் கடைசி அடியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மின்னோட்டத் துளையில் இருக்கும் மீட்டரின் உள்தடை மிகச் சிறியது, ஏறக்குறைய ஒரு துண்டு வயர் மாதிரி. சிவப்பு வயர் அங்கேயே இருக்க, அடுத்த வேலைக்குப் புரோப்பைப் பேட்டரியின் இரு முனைகளில் வைத்தால் அது நேரான ஷார்ட். மில்லிஆம்பியர் துளையில் இருந்தால் ஃபியூஸ் போகும். விலை மலிவான மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது. அங்கே பொறி பறக்கும், வயர் உருகும்.

சுழலியை மட்டும் வோல்ட்டுக்குத் திருப்பினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். போதாது. பெரும்பாலான மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கும் பொதுத் துளைக்கும் நடுவே உள்ள சிறுதடை, சுழலி எங்கே நின்றாலும் இணைந்தே இருக்கும். வயரைத்தான் மாற்ற வேண்டும்.

ஃபியூஸ் போயிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? மீட்டரைத் தொடரில் மாட்டியதும் சுற்றே வேலை செய்யாது, திரையில் சுழியம் நிற்கும். "மின்னோட்டம் சுழியம், ஆகவே மின்தடை முடிவிலி" என்று எழுதிவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் இன்னொரு மீட்டரை ஓம் அளவில் வைத்து, முதல் மீட்டரின் மின்னோட்டத் துளைக்கும் பொதுத் துளைக்கும் நடுவே பாருங்கள். முதல் மீட்டரின் சுழலி மின்னோட்டத்தில் இருக்க வேண்டும். சில ஓம் காட்டினால் ஃபியூஸ் நலம்.

5. இரண்டு அளவையும் ஒரே நிலையில் எடுங்கள்

மீட்டரைத் தொடரில் மாட்டியவுடன் அதன் சிறு உள்தடை, ஃபியூஸ், வயர் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் மின்னழுத்தத்தைத் தின்கின்றன. அதாவது மீட்டர் இல்லாதபோது ரெசிஸ்டரின் குறுக்கே இருந்த மின்னழுத்தம், மீட்டர் வந்தபின் இல்லை. முதலில் மின்னழுத்தத்தை அளந்து, அந்த மீட்டரையே பிறகு தொடரில் மாட்டி மின்னோட்டத்தை அளந்தால், இரண்டு வெவ்வேறு சுற்றுகளை அளந்திருக்கிறீர்கள்.

நம் 47 ஓம் ரெசிஸ்டரில் இது எப்படித் தெரியும் என்று பார்ப்போம். இரண்டு மீட்டர்களும் மாட்டியபடி, சப்ளை முனையில் 12.06 வோல்ட். ரெசிஸ்டரின் காலில் 11.75 வோல்ட். மின்னோட்டம் 246.8 மில்லிஆம்பியர். நடுவே காணாமல் போன 0.31 வோல்ட், மின்னோட்ட மீட்டரிலும் அதன் வயர்களிலும் விழுந்தது. 0.31 ÷ 0.2468 என்றால் ஏறக்குறைய 1.26 ஓம். மில்லிஆம்பியர் துளையில் இது சாதாரணம்.

மீட்டர் ஒன்றுதான் இருக்கிறது என்றால், துல்லியமான 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் நிரந்தரமாகச் சேர்த்துவிடுங்கள். 1 சதவீதப் பிழைவரம்பு உள்ளதாக இருக்கட்டும். பிறகு மீட்டரை மின்னோட்டத்துக்கு மாற்றவே வேண்டாம். 1 ஓமின் குறுக்கே எத்தனை மில்லிவோல்ட் காட்டுகிறதோ, அத்தனை மில்லிஆம்பியர் ஓடுகிறது. சுற்றைக் கலைக்காமல் முதலில் 47 ஓமின் குறுக்கே, அடுத்து 1 ஓமின் குறுக்கே அளந்தால் முடிந்தது. சிவப்பு வயர் துளை மாறுவதே இல்லை என்பதால் ஷார்ட் ஆகும் ஆபத்தும் போய்விடுகிறது. ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு, இரண்டு மீட்டர் இருந்தாலும்கூட, நான் இந்த முறையைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன்.

இன்னொன்று: சப்ளையைப் போட்ட மறு நொடியில் படிக்க வேண்டாம். 3 வாட் வெப்பத்தில் ரெசிஸ்டர் சூடாகும்போது அதன் மின்தடை சற்று நகரும். எண் நிலைத்து நின்றதும் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்து எழுதுங்கள். அதற்குள் ரெசிஸ்டரில் விரலை வைத்துப் பார்க்காதீர்கள், சுடும்.

6. அலகை மாற்றிவிட்டுத்தான் கணக்கு

எழுதிய எண்களை வோல்ட், ஆம்பியர் என்ற இரண்டுக்கும் மாற்றிய பிறகே வகுத்தலைத் தொடங்குங்கள். 246.8 மில்லிஆம்பியர் என்றால் 0.2468 ஆம்பியர்.

மாற்றாமல் போனால் என்ன ஆகும்? 5 வோல்ட், 20 மில்லிஆம்பியர் என்று ஒரு சின்ன சுற்று. 5 ÷ 20 = 0.25 ஓம் என்றும், 5 × 20 = 100 வாட் என்றும் எழுதிவைத்த நோட்டுகள் எத்தனையோ. 100 வாட் என்றால் பக்கத்தில் உட்கார முடியாத வெப்பம்! சரியான விடை 5 ÷ 0.02 = 250 ஓம்; 5 × 0.02 = 0.1 வாட். இரண்டு விடையும் ஆயிரம் மடங்கு தப்பு. ஒன்று ஆயிரம் மடங்கு குறைந்தும் மற்றது ஆயிரம் மடங்கு கூடியும் வந்திருப்பதைக் கண்டாலே, மில்லியை மறந்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

எலக்ட்ரானிக்ஸ் வேலையில் பழகியவர்கள் மாற்றாமலேயே ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்கள்: வோல்ட்டை மில்லிஆம்பியரால் வகுத்தால் கிலோஓம், வோல்ட்டை மில்லிஆம்பியரால் பெருக்கினால் மில்லிவாட். 5 ÷ 20 = 0.25 கிலோஓம், 5 × 20 = 100 மில்லிவாட். இது முற்றிலும் சரி. ஆனால் விடையின் அலகை எழுதும் பழக்கம் கையில் ஊறும் வரை இதை எடுக்காதீர்கள்.

7. மின்தடையைக் கணக்கிடுதல்

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்

11.75 ÷ 0.2468 = 47.6 ஓம்.

ரெசிஸ்டரில் எழுதியிருப்பது 47 ஓம், 5 சதவீதப் பிழைவரம்பு. அதாவது 44.65 முதல் 49.35 ஓம் வரை இருந்தால் அது நல்ல ரெசிஸ்டர். 47.6 அதற்குள் வசதியாக அடங்குகிறது. சப்ளை முனையின் 12.06 வோல்ட்டை எடுத்திருந்தால் 48.9 ஓம் வந்திருக்கும்: ரெசிஸ்டரோடு மின்னோட்ட மீட்டரின் 1.26 ஓமையும் சேர்த்து அளந்த கணக்கு. இங்கே பிழை 2.6 சதவீதம்தான். இதே மீட்டரில் 4.7 ஓம் ரெசிஸ்டரை அளந்தால் பிழை கால் பங்குக்கு மேல் போய்விடும்.

மின்தடை மிகச் சிறியதாக இருந்தால், 1 ஓமுக்குக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள், கிளிப் பிடிக்கும் இடத்தின் தொடர்புத் தடையே அளவைக் கெடுத்துவிடும். அப்போது மின்னோட்டம் கொண்டுவரும் கிளிப்பை வெளிப்பக்கத்திலும், மின்னழுத்தப் புரோப்பை அதற்கு உள்பக்கத்தில் பொருளின் காலிலேயே நேரடியாகவும் வையுங்கள். கிளிப்பில் விழும் மின்னழுத்தம் புரோப்புக்குத் தெரியாமல் போய்விடும். 2 ஆம்பியர் ஓடி 0.21 வோல்ட் காட்டினால் 0.105 ஓம். சாதாரண மீட்டரின் ஓம் அளவில் இந்தத் துல்லியம் கிடைக்கவே கிடைக்காது.

மின்தடை மிகப் பெரியதாக இருந்தால் சிக்கல் எதிர்ப்பக்கம் இருந்து வரும். டிஜிட்டல் மீட்டர்களின் மின்னழுத்த உள்தடை வழக்கமாக 10 மெகாஓம். 1 மெகாஓம் ரெசிஸ்டரின் குறுக்கே அதை வைத்தால், மின்னோட்டத்தில் ஒரு பகுதி மீட்டர் வழியாகப் போய்விடும், கணக்கில் 0.909 மெகாஓம் என்றுதான் வரும். இந்த இடத்தில் மட்டும் மின்னழுத்த மீட்டரைச் சப்ளைப் பக்கத்தில், மின்னோட்ட மீட்டரையும் உள்ளடக்கி வைப்பது நல்லது. அங்கே மின்னோட்ட மீட்டரின் உள்தடை, ஒரு மெகாஓம் முன்னால் ஒன்றுமே இல்லை.

8. திறனைக் கணக்கிடுதல்

திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

11.75 × 0.2468 = 2.90 வாட். இதுதான் ரெசிஸ்டரில் வெப்பமாக மாறுவது.

சப்ளை கொடுக்கும் திறன் வேண்டும் என்றால் சப்ளை முனையின் மின்னழுத்தத்தை எடுங்கள்: 12.06 × 0.2468 = 2.98 வாட். இரண்டுக்கும் இடையே உள்ள 0.08 வாட் மீட்டரிலும் வயரிலும் செலவானது. இரண்டு விடையும் சரிதான், கேள்விகள்தான் வேறு. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்பதை முன்பே முடிவு செய்துவிட்டால் குழப்பம் இல்லை.

இன்னும் இரண்டு வடிவங்கள் உண்டு:

திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை
திறன் = மின்னழுத்தம் × மின்னழுத்தம் ÷ மின்தடை

மின்னழுத்தமும் மின்னோட்டமும் அளந்து கையில் இருக்கும்போது முதல் வடிவத்தையே எடுங்கள். மற்ற இரண்டும், கணக்கிட்டு வந்த மின்தடையை மறுபடி உள்ளே நுழைக்கின்றன. அதைச் சுருக்கி எழுதியிருந்தால் அந்தச் சுருக்கல் பிழை திறனிலும் ஏறும். அவை பயன்படும் இடம் வேறு: மின்தடை ஏற்கனவே தெரியும், மின்னழுத்தமோ மின்னோட்டமோ ஒன்றுதான் அளக்க முடியும் என்ற நிலை.

வர்க்கம் வரும் இடத்தில் அவசரத்தில் 0.2468 ஐ இரண்டால் பெருக்கிவிடுகிறவர்களையும் பார்க்கிறேன். தன்னைத்தானே பெருக்க வேண்டும். 1 ஐ விடச் சிறிய எண்ணின் வர்க்கம் இன்னும் சிறியதாக வரும்: 0.2468 இன் வர்க்கம் 0.0609. அதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

9. சரிபார்ப்பு

மூன்று வடிவங்களிலும் திறனைக் கணக்கிட்டு, மூன்றும் 2.90 என்று வந்தால் அளவு சரி என்று நம்புகிறோம். அது பாதி உண்மை மட்டுமே. மூன்றுக்கும் உள்ளே போனவை அதே இரண்டு எண்கள்தான். மின்னழுத்தத்தைத் தவறான இடத்தில் அளந்திருந்தாலும் மூன்றும் அழகாக ஒத்துப்போகும். இந்தச் சோதனை பெருக்கல், வகுத்தல் பிழையைப் பிடிக்கும். அளவுப் பிழையைப் பிடிக்காது.

அளவைச் சோதிக்க வேறு பாதை வேண்டும். சப்ளையை அணைத்து, ரெசிஸ்டரின் ஒரு காலையாவது சுற்றிலிருந்து கழற்றி, ஆறவிட்டு, மீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். கழற்றுவது ஏன் என்றால், சுற்றில் இருக்கும்போது பக்க இணைப்பில் உள்ள மற்ற பாகங்களையும் சேர்த்துத்தான் மீட்டர் காட்டும். சுற்றில் மின்னழுத்தம் இருக்கும்போது ஓம் அளவை வைக்கவே கூடாது. காட்டும் எண் பொய், மீட்டருக்கும் கேடு. பெரிய கெப்பாசிட்டர் இருக்கும் சுற்றில், சப்ளையை அணைத்த பிறகும் மின்னழுத்தம் நிற்கும் என்பதால் முதலில் வோல்ட் அளவில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஓம் அளவில் படிப்பதற்கு முன் இரண்டு புரோப்பையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 0.3 ஓம் காட்டினால் அது வயரின் தடை. விடையிலிருந்து கழித்துவிட வேண்டும்.

10. எத்தனை இலக்கம் எழுதலாம்

11.75 ஐ 0.2468 ஆல் வகுத்தால் கால்குலேட்டர் 47.609400 என்று நீட்டும். அதில் நம்பத்தக்கது எது?

மீட்டரின் கையேட்டில் "0.5 சதவீதம் + 2 இலக்கம்" என்பது போல ஒரு வரி இருக்கும். 11.75 வோல்ட்டுக்கு 0.5 சதவீதம் என்றால் 0.06 வோல்ட்; கடைசி இலக்கத்தில் 2 என்றால் 0.02, மொத்தம் 0.08 வோல்ட், ஏறக்குறைய 0.7 சதவீதம். மின்னோட்டத்துக்கு "1.5 சதவீதம் + 3 இலக்கம்" என்றால் 246.8 இல் சுமார் 4 மில்லிஆம்பியர், 1.6 சதவீதம். வகுத்தாலும் பெருக்கினாலும் மோசமான நிலையில் இரண்டு சதவீதங்களும் கூடும்: 2.3 சதவீதம். 47.6 இல் அது 1.1 ஓம்.

ஆகவே விடை: 46.5 இலிருந்து 48.7 ஓமுக்குள். ரெசிஸ்டரின் பிழைவரம்புக்குள் முழுமையாக அடங்கியது என்று தைரியமாகச் சொல்லலாம். மூன்று இலக்கம் எழுதினால் போதும்.

11. கணக்கிட்ட வாட்டை வைத்து ரெசிஸ்டர் தேர்வு

கடையில் கிடைக்கும் ரெசிஸ்டர்கள் கால், அரை, 1, 2, 3, 5, 10 வாட் என்று வரும். கணக்கில் 2.9 வாட் என்றால் 3 வாட் போதுமே என்று தோன்றும். போதாது. எழுதியிருக்கும் வாட், நல்ல காற்றோட்டத்தில், குறிப்பிட்ட வெப்பநிலை வரைக்கும் தாங்கும் உச்ச எல்லை. மூடிய பெட்டிக்குள் அந்த எல்லை இறங்கிவிடும். கணக்கிட்டதைப் போல இரண்டு மடங்கை எடுங்கள் என்பது நடைமுறை. அந்தக் கணக்கில் நிரந்தர வேலைக்கு 10 வாட். மேசைமேல் கொஞ்ச நேரச் சோதனைக்கு 5 வாட் தாராளம்.

மின்னழுத்தம் எவ்வளவு ஏறக்கூடும் என்பதையும் பாருங்கள். 12 வோல்ட் வாகன பேட்டரி, சார்ஜ் ஏறும்போது 13.8 வோல்ட்டைத் தாண்டும். 47 ஓமில் 12 வோல்ட்டுக்கு 3.06 வாட், 13.8 வோல்ட்டுக்கு 4.05 வாட். மின்னழுத்தம் 15 சதவீதம் ஏறியதும் திறன் 32 சதவீதம் ஏறிவிட்டது. வர்க்கம் செய்யும் வேலை இது. எப்போதும் உச்ச மின்னழுத்தத்துக்கே திறனைக் கணக்கிடுங்கள்.

12. மின்தடை நிலையாக இல்லாத பொருட்கள்

டங்ஸ்டன் இழை பல்பு: 230 வோல்ட், 60 வாட். 60 ÷ 230 = 0.26 ஆம்பியர், மின்தடை 882 ஓம். அதே பல்பை அணைத்து, ஆறவிட்டு, ஓம் அளவில் பார்த்தால் 65 ஓம் அளவில்தான் காட்டும். மீட்டர் பழுதில்லை. இழை வெள்ளையாகக் கனலும்போது அதன் மின்தடை பத்து மடங்குக்கும் மேலே ஏறுகிறது. 65 ஓமை வைத்துத் திறனைக் கணக்கிட்டால் 800 வாட்டுக்கு மேல் வரும்! எரியும் நிலையில் எடுத்த மின்னழுத்தமும் மின்னோட்டமும்தான் எரியும் நிலையின் விடையைத் தரும்.

எல்இடி: 9 வோல்ட் சப்ளை, சிவப்பு எல்இடியின் குறுக்கே 2 வோல்ட், 15 மில்லிஆம்பியர் வேண்டும். தொடர் ரெசிஸ்டரின் அளவுக்கு 9 ÷ 0.015 என்று போட்டு 600 ஓம் என்பார்கள். ரெசிஸ்டரின் குறுக்கே இருப்பது 7 வோல்ட்தான். 7 ÷ 0.015 = 467 ஓம்; கிடைக்கும் அளவில் 470. திறன் 7 × 0.015 = 0.105 வாட், கால் வாட் போதும்.

எல்இடிக்கே 2 ÷ 0.015 = 133 ஓம் என்று வகுக்கலாம்தான், ஆனால் அந்த எண் அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் உரியது. மின்னழுத்தம் சற்றே கூடினால் மின்னோட்டம் அதைவிட மிக வேகமாகக் கூடும். 133 ஐ வைத்து வேறு மின்னழுத்தத்துக்குக் கணக்குப் போடாதீர்கள். திறனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை: 2 × 0.015 = 0.03 வாட் என்பது எல்இடிக்கும் சரியே. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்குவது டிசியில் எந்தப் பொருளுக்கும் பொருந்தும்.

13. ஏசியில் எது மாறுகிறது

சூடேற்றும் சுருள் உள்ள கருவிகளுக்கு எதுவும் பெரிதாக மாறாது. 230 வோல்ட், 4.2 ஆம்பியர் எடுக்கும் ஹீட்டர் என்றால் 54.8 ஓம், 966 வாட்.

மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், சார்ஜர் வந்தால் பெருக்கல் ஏமாற்றும். 230 வோல்ட்டில் 0.4 ஆம்பியர் எடுக்கும் மின்விசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 92. இது வோல்ட்-ஆம்பியர், வாட் அல்ல. வாட் மீட்டர் 65 காட்டினால், 65 ÷ 92 = 0.71 என்பது திறன் காரணி. 230 ÷ 0.4 = 575 என்பதும் மின்தடை அல்ல, இம்பீடன்ஸ்; அதாவது ஏசி ஓட்டத்துக்குக் கருவி காட்டும் மொத்த எதிர்ப்பு. மின்விசிறியை பிளக்கில் இருந்து கழற்றி ஓம் அளவில் பார்த்தால் அந்த எண் வராது.

வீட்டு மின்சாரத்தில் மீட்டரைத் தொடரில் மாட்டி அளக்க முயலாதீர்கள். பிளக்குக்கும் கருவிக்கும் நடுவே செருகும் வாட் மீட்டர் மின்னழுத்தம், மின்னோட்டம், வாட், திறன் காரணி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டும். கிளாம்ப் மீட்டர் வைத்திருந்தால் ஒற்றை வயரை மட்டும் தாடைக்குள் விடுங்கள். முழு கேபிளையும் விட்டால் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துச் சுழியம் காட்டும். மின்னோட்டம் மிகச் சிறியதாக இருந்தால் அந்த ஒற்றை வயரைத் தாடையில் பத்துச் சுற்றுச் சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுங்கள். வயரைச் சுற்றுவதெல்லாம் பிளக்கைக் கழற்றிய பிறகுதான். பல கிளாம்ப் மீட்டர்கள் ஏசியை மட்டுமே அளக்கும். 12 வோல்ட் டிசி வயரில் வைத்தால் அவை சுழியம்தான் காட்டும். டிசிக்கு ஹால் சென்சார் (காந்தப்புலத்தை உணரும் பாகம்) உள்ள வகை வேண்டும்.